அஞ்சலை அக்காவின் சீட்டுக்கு அடியில்

கார் ஆடியோ வேலையில் பழுதைச் சரிசெய்வது சுலபம். “நாங்க ஒண்ணும் தொடலீங்க” என்று சொல்லும் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

மிக்சி, மோட்டார், செல்போன் என்று எதையாவது பிரித்து மாட்டிப் பிழைக்கும் சகோதரர்களே, இது உங்களுக்கும் தெரிந்த வலிதான். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் என் கடை. ஸ்பீக்கர், பேஸ் பாக்ஸ் எல்லாம் மாட்டுவேன். பேஸ் பாக்ஸ் என்பது பாட்டில் வரும் ‘தும் தும்’ அடியை மட்டும் தனியாகக் கொடுக்கிற பெட்டி. சீட்டுக்கு அடியிலேயே அடங்கிவிடும். போன மாதம் ஒரே காரின் ஒரே பெட்டி மூன்று நாள் விடாமல் என்னைப் படுத்திய கதை இது.

முதுகுக்குக் கேட்டால் போதும்

வியாழக்கிழமை காலை செல்வராசு அண்ணன் வந்தார். கரண்டு கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் யூனிட்டில் டெஸ்டிங் பார்க்கிறவர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். வாங்கும்போதே முன்சீட்டுக்கு அடியில் பேஸ் பாக்ஸ் இருந்ததாம், நேற்றிலிருந்து பேச்சு மூச்சில்லை என்றார். பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலை அக்கா இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸ் போயிருந்தது. புதுசு போட்டேன், பெட்டி அடித்தது. ஐந்து நிமிட வேலை. ஃப்யூஸ் ஏன் போனது என்று கேட்கவேண்டியது என் வேலை; கேட்கவில்லை. அந்தத் திமிருக்குத்தான் பின்னால் அனுபவித்தேன். “அக்கா, சத்தம் நல்லா கேக்குதா?” என்று மட்டும் கேட்டேன். அண்ணன் சைகை காட்டித் தடுத்தார். அக்கா அதே யூனிட்டில் மண் அரைக்கிற மில் பக்கத்தில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது, இன்னொன்று பாதி. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா அதையும் பார்த்துவிட்டார்.

“ஞாயித்துக்கெயம திட்டக்குடியில மவளுக்கு வளைகாப்பு. வூட்டுக்குக் கூட்டியாரப்ப எல்லாரும் பாட்டு கேட்டுக்கினு வருவாங்க, நான் மட்டும் பொம்ம மாரி குந்திக்கினு வரணுமா? எனக்குக் காதுல கேக்க வேணாம் தம்பி, முதுகுல கேட்டா போதும்.”

எனக்கு ஓடும், அவருக்கு ஓடாது

வெள்ளிக்கிழமை கடை ஷட்டரைத் தூக்கினால் எதிரே அதே கார். ஃப்யூஸ் மறுபடியும் போயிருந்தது. மாற்றினேன். சீட்டில் நானே உட்கார்ந்து இரண்டு பாட்டு முழுக்கக் கேட்டேன். பெட்டி ராஜா மாதிரி அடித்தது. இறங்கி, “ஏறுங்கக்கா” என்றேன். அக்கா உட்கார்ந்தார். சீட்டுக்கு அடியில் ‘பட்’டென்று ஒரு பொறி, அதோடு மௌனம். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சீட்டின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் மாட்டிய ஒயர் உரசி உரசித் தோல் போயிருக்கிறது. நான் உட்கார்ந்தால் சீட்டுக்கு யாரோ உட்கார்ந்ததே தெரியாது. அக்கா உட்கார்ந்தால் சீட்டு இறங்கும், சட்டம் ஒயரைத் தொடும், ஃப்யூஸ் போகும். இதை ஒரு பெண்மணியிடம் எப்படிச் சொல்வது? ஸ்பிரிங் பழசு, ரோடு சரியில்லை, இறக்கம் ஜாஸ்தி என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அக்கா என் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா, நான் குண்டா இருக்கன்னு சொல்றதுக்கா இத்தினி நேரம்?”

டெஸ்டிங்கில் பாஸ் ஆனது

ஃப்யூஸையும் ஒயரையும் மாற்றி, சட்டத்தில் படாமல் ஓரமாக இழுத்துக் கட்டி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். சனிக்கிழமை மதியம் மறுபடி அதே ஹாரன். இந்த முறை பெட்டி ‘ங்ங்ங்’ என்று முனகியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முனகலும் ஏறியது. சத்தத்தைக் கூட்டினால் அடி சுத்தமாக விட்டுப்போனது. அக்கா மடியில் வளைகாப்புக்கு வாங்கிய கண்ணாடி வளையல் பெட்டியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. விடிந்தால் வளைகாப்பு.

“யாராச்சும் கை வச்சீங்களாண்ணே?”

“நாங்க ஒண்ணும் தொடலீங்க.”

இந்த முனகல் பெரும்பாலும் எர்த்தில்தான் இருக்கும். பெட்டியிலிருந்து வரும் கறுப்பு ஒயரைக் காரின் வெறும் இரும்பில் இறுக்கமாக முடுக்க வேண்டும். கரண்டு திரும்பிப் போகிற வழி அது. முந்தின நாள் நானே பெயின்டைச் சுரண்டிவிட்டு முடுக்கியிருந்தேன். கார்ப்பெட்டைத் தூக்கினேன். என் ஸ்க்ரூ இருந்த இடத்தில் வெள்ளைவெளேரென்று ஒரு குட்டி இன்சுலேட்டர்! மெருகு பளபளக்க, இரும்பில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் என் எர்த் ஒயர் பத்திரமாகச் சுற்றியிருந்தது. கரண்டு நேர்வழியில் திரும்ப முடியாமல், பாட்டு வருகிற மெல்லிய ஒயர் வழியாகத் திணறிக்கொண்டு போயிருக்கிறது. முனகாமல் என்ன செய்யும்?

திரும்பிப் பார்த்தேன். செல்வராசு அண்ணன் ரோட்டில் போகிற பஸ்ஸை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்னாண்ணே?”

“நம்ம யூனிட்டு சரக்கு தம்பி. டெஸ்டிங்கில பாஸ் ஆனது.” குரல் இறங்கியது. “நேத்து இவ அடியில பொறி பறந்துச்சில்ல? நீங்க வேற ஒயரை வெறும் இரும்புல முடுக்கினீங்க. இவளுக்கு ஷாக்கு அடிச்சா யாரு பாக்குறது? ராத்திரி பூரா தூக்கமே வல்ல.”

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இது சின்னக் கரண்டு, தொட்டால் ஒன்றும் செய்யாது என்று என் கையை அந்த இரும்பில் வைத்துக் காட்டினேன். அவர் கையையும் பிடித்து வைத்தேன். பீங்கானைக் கழற்றிவிட்டு எர்த்தைப் பழைய இடத்திலேயே முடுக்கினேன். முனகல் நின்றது. அக்கா சீட்டில் ஏறிச் சாய்ந்தார். பெட்டி அடித்த அடியில் மடியில் இருந்த வளையலெல்லாம் கலகலத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அண்ணன் மட்டும் இன்னும் அரை மனதாக அந்த ஸ்க்ரூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருவத்திரண்டு வருஷமா கரண்டு தாண்டக்கூடாதுன்னுதான் எங்கிட்ட சொல்லியிருக்காங்க. தாண்டணும்னு மொதமொத சொல்ற ஆளு நீங்கதாங்க.”

உள்ளிருந்து வந்த அடி

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. ஆனாலும் ஏதோ வேலை இருப்பதுபோல் ஷட்டரைப் பாதி தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய் எதற்கு, அந்தக் காருக்காகத்தான். ராகு காலத்துக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும் என்று வேகமாக வந்தவர்கள், கடை வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள்.

முன்சீட்டில், முழங்கை வரை வளையலோடு மகள் ரேவதி. இத்தனை போராட்டத்துக்கும் காரணமான அந்த சீட்டை அக்கா மகளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு சுருக்கென்றது. முதுகில் கேட்கவேண்டியவர் இப்போது எதைக் கேட்பார்? பிறகுதான் பார்த்தேன். பின்னாலிருந்து சீட்டைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் மகளின் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணா, பாட்டை நிறுத்தினா உள்ள ஒதைக்குது. வழியெல்லாம் நிறுத்தவே வுடல,” என்று சிரித்தாள் ரேவதி.

அண்ணன் இனிப்புப் பொட்டலத்தை நீட்டினார். அக்கா கையை எடுக்கவே இல்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, தன் காதுக்குக் கேட்கிற அளவுக்கு, அதாவது ஜங்ஷன் ரோடு முழுக்கக் கேட்கிற அளவுக்குச் சொன்னார்:

“தம்பி, கையில அடிக்கிறது ஒன் பொட்டியா, எம் பேரப்புள்ளையான்னு தெரியல. ஆனா ரெண்டும் நல்லா கேக்குது!”

அந்தப் பீங்கான் இப்போது என் மேசைமேல் இருக்கிறது: கரண்டு எங்கே நிற்கிறது என்று என் மீட்டர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும், ஒருவர் தன் பாசத்தை எங்கே போய் முடுக்கியிருக்கிறார் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு மூன்று நாளும் மூன்று ஃப்யூஸும் ஆனது.