நான்கு வயதைத் தாண்டாதவள்

2004இல் நாங்கள் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குடியிருந்தோம். என் கணவருக்கு மருந்து கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. மகளைக் காலையில் ப்ரீஸ்கூலில் விட்டுவிட்டு வந்தால் மதியம்வரை பேச ஆளில்லை. அதனால் பக்கத்து ஊர் நூலகம் ஒன்றில் வாரம் இரண்டு நாள் சம்பளமில்லாமல் உதவப் போனேன். தரைக்குக் கீழே இருந்த பழைய ஆவணங்களின் அறையை என் பொறுப்பில் விட்டார்கள். அங்கே யாரும் வருவதில்லை.

வந்தவர் ஒரே ஒருவர். எழுபத்தாறு வயது அமெரிக்கப் பெண்மணி, டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாக இருந்தார். கண்ணில் நடுப்பார்வை போய்விட்டிருந்தது. "நேராப் பார்த்தா உன் முகம் இருக்கற இடத்துல ஒரு சாம்பல் ஓட்டைதான் தெரியுது. சுத்தி இருக்கற துணி தெரியுது" என்று என் முக்காட்டைக் காட்டிச் சொன்னார். அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடம் கழித்து அந்தக் குரல் எனக்குத் தமிழில்தான் கேட்கிறது.

அவருடைய தாத்தாவின் அப்பா அயர்லாந்திலிருந்து வந்து இங்கே கால்வாயில் கூலி வேலை பார்த்தவராம். அந்தக் குடும்பத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேட வேண்டும். பழைய தாள்களையெல்லாம் படமெடுத்து ஃபிலிம் சுருளாக வைத்திருந்தார்கள். சுருளை மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் திரையில் கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கையெழுத்து ஓடும். நான் படிக்க வேண்டும், அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

கிட்டத்தில் இருந்து தூரத்துக்குப் போவதுதான் வழக்கம். முதலில் 1880ஆம் வருடச் சுருள். மூன்றாவது நாள் குடும்பம் கிடைத்தது. அப்பா, அம்மா, பன்னிரண்டு வயதில் அவர் தாத்தா, இன்னும் இரண்டு பையன்கள், கடைசியில் நான்கு வயதுப் பெண் ஒருத்தி. அந்தப் பெண்ணின் பெயரை வாசித்ததும் அவர் சிரித்தார்.

"அது என் பேரு. தாத்தாவோட தங்கச்சி அவங்க. கடைசிவரைக்கும் தையல் தைச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க பேரைத்தான் எனக்கு வெச்சாங்க."

அடுத்த வாரம் 1870. அதே தெரு, அதே பெற்றோர். தாத்தாவுக்கு இரண்டு வயது. அவருக்கு மேல் வரியில் அதே பெயரில் ஒரு பெண், வயது மூன்று.

சுருளை மாற்றி மாட்டிவிட்டேனோ என்று தாளின் தலைப்பைப் பார்த்தேன். 1870தான். பத்து வருடம் கழித்து நான்கு வயதாக இருக்கப்போகிறவள், பிறப்பதற்கு முன்பே இந்த வீட்டில் மூன்று வயதோடு இருந்தாள்.

"மறுபடியும் படி" என்றார். படித்தேன். 1860ஐ எடுக்கச் சொன்னார்.

அதில் தாத்தா இன்னும் பிறக்கவில்லை. பெற்றோர் இருவரும் இளவயதினர். மூன்றாவது வரியில் அந்தப் பெயர். வயது நான்கு.

மற்றவர்கள் எல்லோரும் கணக்குப் பிசகாமல் பத்துப் பத்து வயது குறைந்துகொண்டே போனார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில் நின்றுகொண்டிருந்தாள். மெஷினின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர்தான் விளக்கம் சொன்னார்.

"அந்தக் காலத்துல ஐரிஷ்காரங்க அப்படிச் செய்வாங்கன்னு எங்கப்பா சொல்லியிருக்கார். பொண்ணு செத்துட்டா, அடுத்துப் பிறக்கற பொண்ணுக்கு அதே பேரை வெச்சுடுவாங்க. தையல்காரப் பாட்டி மூணாவது ஆளு போல."

அன்று வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். "அட, அது டேட்டா என்ட்ரி மிஸ்டேக்கா இருக்கும், விடு" என்றார். பக்கத்தில் சோற்றை அளைந்துகொண்டிருந்த என் மகளுக்கும் அப்போது நான்கு வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அவள் தலையைத் தூக்கி, "அவளுக்கு இன்னும் நாலு வயசுதானா?" என்று கேட்டாள். இல்லை, அவர்கள் வேறு வேறு பிள்ளைகள் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. மறுநாள் தன் பொம்மைக்கு அந்தப் பெயரை வைத்திருந்தாள். மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன்.

முதல் இரண்டு பெண்களும் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று பார்க்க அவருக்கு ஆசை. அவரால் கார் ஓட்ட முடியாது என்பதால் நான் கூட்டிக்கொண்டு போனேன். கால்வாய்க்குப் பக்கத்தில் பழைய கத்தோலிக்க கல்லறைத் தோட்டம், வாசலில் சின்ன ஆபீஸ். அங்கிருந்த பெண் என் முக்காட்டை ஒரு தடவை பார்த்தார், பிறகு அவரைப் பார்த்து, பெயர் என்ன என்று கேட்டார். அவர் தன் பெயரையே சொன்னார். அதைத்தானே தேடி வந்திருந்தோம்.

மர அலமாரியின் இழுப்பறையிலிருந்து அந்தப் பெண் நான்கு அட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மூணுதானே இருக்கணும்" என்றேன்.

"நாலு இருக்கே."

முதல் இரண்டும் நாங்கள் தேடிய பிள்ளைகள். மூன்றாவது தையல்காரப் பாட்டி. நான்காவது அட்டையில் பதினொரு மாதக் குழந்தை. பெற்றோர் என்ற இடத்தில் இருந்தவை அவருடைய அப்பா, அம்மாவின் பெயர்கள். பிறந்த தேதியை இரண்டு தடவை பார்த்தேன். நூலக உறுப்பினர் படிவத்தை அவருக்காக நிரப்பிக் கொடுத்தவள் நான்தான். நாள், மாதம், வருடம் மூன்றும் அப்படியே அவருடையவை.

"என்ன எழுதியிருக்கு? படி" என்றார்.

படித்தேன். வேறு என்ன செய்வது? அட்டையை வாங்கிக் கண்ணின் ஓரமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்க்க வேண்டும் என்றார்.

புல்லோடு புல்லாகப் பதிந்த சின்னக் கல் அது. செருப்பு நுனியால் நான் மண்ணைத் தள்ளப் போனேன், அவர் தடுத்து, தானே குனிந்து கையால் தள்ளினார். எழுத்துகளை விரலால் தடவினார். பெயர் முழுவதையும் ஒவ்வொரு எழுத்தாகத் தடவி முடித்தார். நவம்பர் மாதக் காற்று, கால்வாய்ப் பக்கம் ஒரு பறவைகூட இல்லை. தன் கல்லறையைத் தானே கை வைத்துப் படிக்கும் ஒருவரின் பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அதற்கு முன் நான் யோசித்ததில்லை.

"எங்கம்மா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் செய்வாங்க" என்றார். "வெட்டினதும் தலைவலின்னு மாடிக்குப் போயிடுவாங்க. நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நினைப்பேன்."

திரும்பும் வழியில் அவரைத் தேற்ற நினைத்து, எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி, என் வாப்பாவுக்கும் அப்படித்தான் என்றேன்.

"உங்கப்பாவோட தேதி வேற யாருக்கும் சொந்தமில்லையே" என்றார்.

அதன்பிறகு ஒரு மாதம் நூலகத்துக்கு வரவில்லை. நான் கொஞ்சம் பிரியாணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதற்குள் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து ஒரு நகல் வாங்கி வைத்திருந்தார். அதில் அவர் உண்மையில் பிறந்த நாள் இருந்தது. அட்டையில் இருந்த தேதிக்கு இரண்டு வருடம் கழித்து, அக்டோபரில், வீட்டிலேயே பிரசவம். அரசாங்கத்தில் யாரும் பதியவில்லை. முதல் குழந்தையின் சான்றிதழ் வீட்டில் இருந்தது, பெயரும் அதேதான். அதை வைத்தே பள்ளிக்கூடம், வேலை, பென்ஷன் எல்லாம் நடந்துவிட்டன.

"மாத்தப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"யார்கிட்ட போய்ச் சொல்றது? நான் அவ இல்லைன்னா?" பிரியாணியை மெதுவாகச் சாப்பிட்டார். பிறகு, "அம்மா என்னைக் கூப்பிடும்போதெல்லாம் ஒரு நிமிஷம் தாமதிச்சு, அப்புறம்தான் என் பக்கம் திரும்புவாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்.

அட்டையில் இருந்த தேதி மார்ச்சில் வந்தபோது அவர் பிறந்தநாள் கொண்டாடவில்லை. என்னோடும் மகளோடும் என் காரில் கல்லறைக்குப் போய்ப் புல்லை வெட்டிக் கல்லைக் கழுவினார். அக்டோபரில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். எழுபத்தைந்து மெழுகுவர்த்திகளுக்குப் பதிலாக ஒன்றே ஒன்று வைத்திருந்தார். நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பயம் விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். கிளம்பும்போது மட்டும் என் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு வயசு எத்தனை?" என்று கேட்டார். "ஃபைவ்" என்றாள். அவருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது என்பதை முகத்தில் பார்த்தேன். கார்வரைக்கும் மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த வருடம் கணவருக்கு சான் ரமோனில் வேலை கிடைத்து கலிபோர்னியா போய்விட்டோம். அவ்வப்போது போனில் பேசுவார். 2008இல் அவர் இறந்த செய்தியைச் சொன்னது அவருடைய தம்பி மகள். கல்லில் அக்டோபர் தேதியைப் போடச் சொல்லி எழுதி வைத்திருந்தாராம். ஆனால் இறப்புச் சான்றிதழில் இருக்கும் தேதியைத்தான் போடுவோம் என்று கல்லறை ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். "ஐ ட்ரைட்" என்றார் அந்தப் பெண்.

மறு வருடம் எடிசனில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வாடகைக் காரில் அங்கே போனேன். அவரைக் குழந்தைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். சின்னக் கல்லும் பெரிய கல்லும். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி. புல் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு வேலைக்காரர் ஒருவர் கிட்டே வந்தார்.

"இதுல ஒண்ணு தப்புன்னு நினைக்கறேன். ஒரே ஆளுக்கு ரெண்டு கல்லு வெச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"ரெண்டு பேர்" என்றேன்.

அவர் இரண்டு கல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். நான் கைகளை ஏந்தி, எனக்குத் தெரிந்த துஆவை ஓதினேன். ஓதி முடித்தபிறகு, பெயர் சொல்லித்தானே கேட்டோம், யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஒரு சந்தேகம் வந்தது. திரும்பவும் முதலிலிருந்து ஓதினேன்.