சந்தூக்கு ஏறாத படிக்கட்டு

லத்தீப் காக்கா வபாத்தான செய்தி, சுபஹுத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தது. என் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் இருந்தவர் அவர். இருபது படி ஏறினால் அவரது வாசல். அவர் இறந்தது ஊருக்கெல்லாம் தெரிந்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. நானும் ஓர் அயலவன்.

நமது தொடர்மாடியில் இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வெளியில் உள்ளவர்களுக்கு அவர் நீர்ப்பாசன அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நல்ல மனிதர். நமக்கோ குடியிருப்பாளர் சங்கச் செயலாளர். பொதுப் படிக்கட்டில் அனுமதியில்லாமல் எதையாவது பொருத்தினால் வந்து கதவைத் தட்டுகிறவர். அவர் வருவதைக் கண்டதும் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்? நான் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

முதல் மாடிக்காரர் படியோரம் தண்ணீர்த் தாங்கி வைத்தார். அவர் வைத்தால் நான் என்ன குறைந்தவனா? இரண்டாம் மாடியில், படிக்கட்டு திரும்புகிற இடத்தில் பாதியை இரும்புக் கிறில் அடித்து என் வீட்டோடு சேர்த்துக்கொண்டேன். செருப்புக் களவு போகிறது என்பது என் நியாயம். காக்கா வந்து கம்பியைத் தடவிப் பார்த்தார். "வேல நல்லாத்தான் இரிக்கி தம்பி. ஆனா இது ஒங்கட எடமில்ல, எல்லார்டயும் எடம்" என்றார். பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. "அன்புள்ள தம்பி" என்றுதான் அதையும் தொடங்கியிருந்தார்.

மேலிடத்துக்கு ஒரு முறைப்பாடு போட்டிருந்தால் ஆட்கள் வந்து வெட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் போடவில்லை. ஏன் என்று ஒரு கூட்டத்தில் நானே வெட்கமில்லாமல் கேட்டேன். "எழுதினா கிறில் போயிரும். புறகு என்ட வூட்டுக் கலியாணத்துக்கு நீங்க வருவீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நோன்பு முடியட்டும் என்றோம், ஓம் என்றார். பெருநாள் போகட்டும் என்றோம். அதற்கும் ஓம் என்றார். இப்படியே வருடங்கள் போயின. அந்த மனிதரின் மரியாதையை நாம் தின்று தீர்த்தோம்.

அன்று காலை பள்ளியிலிருந்து சந்தூக்கு வந்தது. இறந்தவரின் ஜனாஸாவை வைத்துச் சுமக்கும் அந்த நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் படியேறினார்கள். முதல் மாடியில் தாங்கியைத் தள்ளி எப்படியோ வழி எடுத்தார்கள். என் கிறிலடியில் பெட்டி நின்றுவிட்டது. சரித்தார்கள், நிமிர்த்தினார்கள், திரும்பவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். காக்காவின் மகன் மேலிருந்து எட்டிப் பார்த்து, "கீழ கொண்டு போய் வைங்க. வாப்பாவ நாங்க கையில எறக்குவம்" என்றான்.

வெள்ளைத் துணி சுற்றிக் கபனிட்ட உடலைப் பாயில் கிடத்தி ஆறு பேர் இறக்கினார்கள். திரும்பும்போது தலைமாடு என் கிறிலில் இடித்தது. சின்னச் சத்தம்தான். மகன் தன் கையை இடையில் கொடுத்துக்கொண்டு இறங்கினான், என்னைப் பார்க்கவில்லை. அவன் என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

மூன்றாம் நாள் ஆள் பிடித்துக் கிறிலை வெட்டினேன். அந்த இடம் ஒரு கிழமைகூட வெறுமையாக இருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் தன் சலவை இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். கதவைத் தட்டி, எடுக்கச் சொன்னேன். "இவ்வளவு காலமும் கிறில் அடிச்சி வச்சிருந்தது நீங்க. இப்ப எனக்குச் சட்டம் கதைக்க வந்திட்டீங்களா?" என்று கேட்டார். என் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

காக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது கதவு தட்டும் அந்த வேலை ஒன்றுதான். அதைச் செய்ய அவருக்குத் தகுதி இருந்தது. மேல்மாடியில் அவர் மனைவி, கணவனை இழந்தவர் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருக்கிறார். அவருக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. படிக்கட்டு அப்படியே அடைந்து கிடக்கிறது.