தோட்டாவில் சந்தனப் பொட்டு

2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் என் வீட்டில் வழக்கம்போல விடியுமுன் எழுந்தேன். வாரத்துக்கான சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். சந்தையில் கீரையும் நெத்திலியும் வாங்கினேன். கார் டயர்களில் காற்று பார்த்தேன். தொழிற்சாலையில் என் வேலை, வரும் உருப்படிகளை அளந்து, சரியானதை ஏற்று, மற்றதை ஒதுக்குவது. அந்தப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமையும் விடுவதில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் புறப்பட்டேன்.

அக்காவும் மச்சானும் இருப்பது ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது மச்சான் ஒரு துண்டை வாங்கி எண்ணெய்ப்பனை வைத்தார். மரங்கள் உயர்ந்து, குலைக்குக் கத்தி எட்டாமல் போனதும் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நட்டார். அந்தக் கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் தின்றுவிட்டன. தின்றன என்றால் முழுதாக இல்லை. அடியைத் தோண்டிச் சாய்த்து, குருத்தை மட்டும் மென்றுவிட்டு மீதியைப் போட்டுவிட்டுப் போகும். இந்த ஆண்டு இரண்டாம் முறையாக நட்டிருந்தார். "இந்தத் தடவையும் போச்சுன்னா நெலத்த எழுதிக் குடுத்துட்டு தஞ்சோங் மாலிம்ல மககிட்டப் போயிடுவேன்" என்று போன மாதம் சொன்னார். மகள் அங்கே கார்த் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், அடுக்குமாடியில் இருக்கிறாள். அந்த வீட்டில் மச்சான் எங்கே உட்காருவார் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பன்றிகள் வருவது வேலிக்கு அப்பால் உள்ள வீடமைப்புத் திட்டத்திலிருந்து. பாதியில் கைவிட்ட வீடுகள். கூரை இல்லாத அறைகளில் லாலான் புல் ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. அங்கே போய் வெட்டவும் முடியாது, விரட்டவும் முடியாது. அது யாருடையது என்று கேட்டால் ஒவ்வொரு அலுவலகமும் இன்னொன்றைக் காட்டும்.

மச்சானிடம் உரிமத்தோடு ஒரு துப்பாக்கி உண்டு. ஒற்றைக் குழல், நடுக்கீலில் மடக்கி முறித்துத் தோட்டா போடுவது. உரிமத்தில் எழுதிய அளவுக்கு மேல் தோட்டா கிடைக்காது. ஆகவே எந்தத் தோட்டா வாங்குவது என்பதே எங்கள் இருவருக்கும் ஒரு மாதப் பேச்சாக இருந்தது.

மச்சான் கனமானதையே கேட்டார். "வெடிமருந்து கூட இருக்கணும் மாப்ள. குண்டு பெருசா இருக்கணும். ஒரே அடி, தூக்கிப் போடணும்லா."

"மருந்து கூடினா ஒங்க தோளத்தான் தூக்கிப் போடும்" என்றேன்.

"நீங்க தோள அளந்து பாத்தீங்களா?"

தோளை அளக்கவில்லை. மற்றதை அளந்தேன். பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டி, கொட்டகையிலிருந்து முதல் வரிசைக் கன்று இருக்கும் தூரத்தில் நிறுத்தினேன். மச்சான் வகைக்கு ஒன்றாகச் சுட்டார். கனமான தோட்டாவின் குண்டுகள் மேல் ஓரத்தில் விழுந்திருந்தன. நடுவில் ஒரு பன்றி நுழைந்து போகிற அளவுக்குத் தாள் வெள்ளையாக இருந்தது. மருந்து குறைந்த, குண்டும் ஒரு அளவு சிறிய தோட்டா, எல்லாவற்றையும் ஒரு முறத்துக்குள் அடக்கியது. காரணமும் தெரிந்தது. உதைப்புக்குப் பயந்து கனமான தோட்டாவுக்கு மச்சான் முன்கூட்டியே தோளைச் சுருக்கிக்கொள்கிறார், குழல் மேலே எழுகிறது.

"காயிதத்துக்குச் சுட்டே தோட்டாவ முடிச்சிட்டீங்க. பன்னிக்கு என்னத்தப் போடுறது, காலண்டரயா?" என்றார். ஆனாலும் அடுத்த நாள் ஈப்போவுக்குப் போய் நான் சொன்னதைத்தான் வாங்கி வந்தார். நியாயமான தேர்வு என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஞாயிறு மாலை நான் போய்ச் சேர்ந்தபோது ஆயுத பூஜை முடிந்து வாசலில் தோரணம் வாடியிருந்தது. மோட்டார் சைக்கிள், பாராங் கத்தி, மண்வெட்டி, மருந்தடிக்கும் பம்பு எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். துப்பாக்கிக் கட்டையிலும் ஒரு பொட்டு. மச்சான் சட்டைப் பையிலிருந்து தோட்டாக்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றின் பித்தளை அடியிலும், சரியாக நடுவில், அக்கா தடித்த சந்தனப் பொட்டு வைத்திருந்தாள். துப்பாக்கியின் ஊசி வந்து அடித்து வெடிக்க வைக்கும் இடம் அதுதான்.

"அக்கா, இதுக்குமா?"

"ஏன் தம்பி, வண்டிக்கு வச்சேன், பாராங்குக்கு வச்சேன். அத மட்டும் விட்டா சாமி கோவிச்சுக்காதா?"

"பக்கத்துல வச்சிருக்கலாம். அடியிலயா வைக்கிறது?"

"அது வட்டமா இருந்துச்சு. பொட்டு வைக்கிற எடம் மாதிரியே இருந்துச்சு."

துடைத்துவிடலாம் என்றேன். மச்சான் மறுத்தார். "பூஜையில வச்சத தொடைக்கக் கூடாது மாப்ள. மொத சூடு முடியட்டும், அப்புறம் தொடைப்போம்." அவர் உரிமம், அவர் கை. காய்ந்த சந்தனம் என்ன செய்யும் என்று எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. தொழிற்சாலையில் என்றால் ஒதுக்கி வைத்திருப்பேன்.

கொட்டகைக்குப் பின்னால் காத்திருந்தோம். சூராவ் பக்கமிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டு ஓய்ந்தது. வெளிச்சம் இன்னும் இருந்தது. கைவிட்ட வீடுகளுக்கு நடுவே லாலான் அசைந்தது. முதலில் பெரிய பெட்டை, அதன் பின்னால் குட்டிகள், பிறகு இன்னும் சில. வேலிக்கு அடியில் தாங்கள் தோண்டிய பள்ளம் வழியாகவே நுழைந்தன. பெட்டை நேராக முதல் கன்றிடம் வந்து நின்றது. தாள் கட்டிய அதே இடம். இதைவிட நல்ல தூரம் கேட்க முடியாது.

மச்சான் குறி வைத்தார். தோள் சுருங்கவில்லை. விசையை இழுத்தார்.

டக்கென்று ஒரு சத்தம். வேறு ஒன்றும் இல்லை.

பெட்டை தலையைத் தூக்கியது. குழலைக் கீழே இறக்கவும் முடியாது, உடனே முறிக்கவும் முடியாது. தாமதித்து வெடித்தால் கையே போய்விடும். அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். பெட்டை எங்களைப் பார்த்தது, பிறகு குனிந்து கன்றின் அடியில் மூக்கை விட்டது. குட்டிகள் அடுத்த கன்றுக்குப் போயின. கன்று சாய்கிற சத்தம் எங்கள் இருவருக்கும் தெளிவாகக் கேட்டது.

கடைசியில் முறித்து எடுத்தார். சந்தனத்தில் ஊசி ஒரு சின்னக் குழி மட்டும் போட்டிருந்தது. அடுத்த தோட்டாவின் பொட்டை நகத்தால் சுரண்டி, குழலில் போட்டுக்கொண்டு மறுபடி நிமிர்ந்தபோது பன்றிகள் ஓடத் தொடங்கியிருந்தன. சுட்டார். வெடித்தது. குண்டுகள் மண்ணில் தெறித்தன. எதுவும் விழவில்லை.

சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள். "விழுந்துச்சா?"

மச்சான் வரிசையில் நடந்து போனார். அப்போதுதான் தெரிந்தது, கொட்டகையிலிருந்து கண்ணுக்குப் படாத சரிவில் நேற்றோ முந்தாநாளோ வேறு கூட்டம் வந்து போயிருந்தது. பூஜை நாட்களில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கன்றுகள் வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தன. நாங்கள் காவல் காத்தது மிச்சமிருந்த ஒரு வரிசையை.

பொட்டைக் காரணம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தோட்டா வெடித்து, பெட்டை விழுந்திருந்தாலும் சரிவு இதே மாதிரிதான் கிடந்திருக்கும். ஒன்று விழுந்தால் லாலானுக்குள் எத்தனை மிச்சம் என்று யாருக்குத் தெரியும். நான் அளந்ததெல்லாம் ஒரு பன்றிக்கு உண்டான தூரம்.

"என்னாலதானா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"போ புள்ள. நீ பொட்டு வைக்கலன்னா மட்டும் இதுங்க நம்மள விட்டுடுமா?" என்றார் மச்சான். பிறகு என்னைப் பார்த்து, "தூரம் சரியாத்தான் இருந்துச்சு மாப்ள. தோட்டாவும் சரிதான். போதும்லா."

நான் அன்று அங்கேயே தங்கினேன். யாரும் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. அக்கா நான் கொண்டு வந்த நெத்திலியைப் பொரித்தாள். மச்சான் பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் விழித்தபோது மச்சான் சட்டை மாட்டித் தயாராக இருந்தார். நிலத்தைக் காட்டித்தான் உரிமம் வாங்கியது, நிலத்தை எழுதிக் கொடுத்த பிறகு துப்பாக்கியை வைத்துக்கொள்ள முடியாது, போலீஸ் பாலாயில் ஒப்படைத்துவிடலாம் என்றார். தேநீருக்கு முன்பே, முதல் வேலையாக, நாங்கள் முன்கட்டில் உட்கார்ந்து மிச்சத் தோட்டாக்களின் பொட்டுகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினோம்.