பெப்ரவரி வெயிலில் காய்ந்த ஊதுபத்தி

வெயில் அடித்தால் எதுவும் காயும் என்று நம்பியவன் நான். மொன்ட்ரியாலில் பெப்ரவரி வெயில் கண்ணைக் கூசவைக்கும். ஜன்னலுக்குள் நின்று பார்த்தால் எங்கள் ஊர் மன்னார் வெயில்தான். கதவைத் திறந்தால் மூக்குக்குள் மயிர் விறைக்கும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு மூளை போதவில்லை. வீட்டில் ஊதுபத்தி செய்ய நினைக்கும் இளம் ஆட்களுக்காக அந்தக் கதையை எழுதுகிறேன். முதலில் சிரியுங்கள், பிறகு செய்யுங்கள்.

1. குழையல்

தையல் ஃபக்டரியில் எனக்கு வேலைநேரத்தைக் குறைத்திருந்த காலம். செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடியில் இருந்தோம். மாதா கோயிலுக்குக் கிட்டத் தமிழ்க்கடை வைத்திருந்த ஞானம் அண்ணை ஒருநாள் சொன்னார்:

"தாஸ், இப்ப வாற குச்சியைப் பத்த வைச்சா செருப்பு எரிஞ்ச மாதிரி மணக்குது. நீ நல்லாச் செய்து தந்தா, மாதா திருநாளுக்கு என்ர முன் தட்டு உனக்குத்தான். சரிவராட்டி பேந்து இந்தக் கதையோட வராதை."

முன் தட்டு என்பது காசு மேசைக்குப் பக்கத்தில், பூசை முடிந்து வரும் அத்தனை பேரின் கண்ணும் படுகிற இடம். அதற்காக நான் எதுவும் செய்வேன்.

கரித்தூள், சந்தன மரத்தூள், இடித்த சாம்பிராணி, ஜிகட். ஜிகட் என்பது தண்ணீர் பட்டால் பசையாகும் மரப்பட்டைத் தூள். அது கூடினால் குச்சி பாதியில் அணைந்துவிடும். குறைந்தால் மா ஈர்க்கில் நிற்காது. ரொட்டி மாப் பதத்துக்குக் குழைத்து, மூங்கில் ஈர்க்கை வைத்து, பலகையில் உள்ளங்கையால் உருட்ட வேண்டும். இதெல்லாம் எனக்குச் சரியாக வந்தது. காயவைக்கிற வேலைதான் மிச்சம்.

2. 'டிக்'

சனிக்கிழமை காலை தட்டுத் தட்டாகப் பல்கனியில் பரப்பினேன். நல்ல வெயில். பின்னேரம் ஒரு குச்சியை எடுத்து இன்னொன்றில் தட்டினேன். 'டிக்' என்றது. வளைத்தேன், வளையவில்லை.

"அதுக்குள்ள காய்ஞ்சிட்டுதோ? என்ர சட்டையே ரெண்டு நாள் கொடியில கிடக்குது," என்றாள் மனைவி ரீற்றா.

"அது உம்மட சட்டை. இது தொழில்."

வீட்டுக்குள் இனிமேல் கரி கொட்டக்கூடாது என்று அவள் சொல்லியிருந்ததால், பல்கனியில் நின்றே கட்டுக் கட்டாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டேன். ஒரு கட்டை வீட்டுக்கு வைத்துவிட்டு, மிச்சத்தைப் பெட்டியோடு கடைக்குச் சுமந்தேன். ஞானம் அண்ணை வாசலில் காருக்கு மேலிருந்த பனியைத் தள்ளிக்கொண்டு நின்றார். ஒரு குச்சியை எடுத்துக் கார்க் கதவில் தட்டிப் பார்த்தார்.

"அட, நல்லாத்தான் காய வைச்சிருக்கிறாய். நாளைக்குப் பூசை முடியச் சனம் வரும். அப்ப அடுக்கிப் பாப்பம். ஓடிச்சுதெண்டா அடுத்த ஞாயிறு திருநாளுக்கும் உன்ர குச்சிதான்."

பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஃபக்டரி முதலாளி மாதிரி நடந்து வீட்டுக்கு வந்தேன்.

3. சாரம்

ஞாயிறு காலை எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகியது, பூசைக்குப் போகவில்லை. மாதா சொரூபத்துக்கு முன்னால் கொளுத்த ரீற்றா வீட்டுக்கட்டைப் பிரித்தாள்.

"இஞ்சருங்கோ, இதுக்குள்ள குச்சி எங்கை?"

குச்சிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, குழலிலிருந்து தள்ளிய கறுப்புப் புட்டு மாதிரிக் கிடந்தன. அவள் விரல் முழுக்கக் கரி.

"இது காயேல்லை, விறைச்சுக் கிடந்திருக்கு. கோழியை ஃபிறிசருக்குள்ள வைச்சிட்டு, காய்ஞ்சிட்டுது எண்டு சொல்லுவியளோ?"

பூசை முடிகிற நேரம். சனம் உறையைப் பிரித்து, கையில் கரியைப் பூசி, அந்தக் கையால் நெற்றியில் சிலுவை போடுவது எனக்குக் கண்முன்னே தெரிந்தது. நெற்றியில் சாம்பல் பூசுகிற விபூதிப் புதன் முந்தி வந்துவிட்டதென்று பூசை வைக்கும் சுவாமியே திகைப்பார். கடைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஜக்கெற்றையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். கீழே வீட்டில் உடுத்தியிருந்த சாரத்தோடு வந்திருக்கிறேன் என்பதைக் காற்றுத்தான் எனக்குச் சொன்னது. பஸ் டிரைவர் ரோட்டைப் பார்த்தபடி "போன்ஜூர்" என்றார். நல்ல மனுசன்.

கடைக்குள் சனம். முன் தட்டு வெறுமையாக இருந்தது. எல்லாம் விற்றுப்போயிற்று, நான் முடிந்தேன்.

"அண்ணை, குச்சி வாங்கினது ஆர் ஆர்?"

"எந்தக் குச்சி? உனக்கென்னடாப்பா, வீடு பத்துதோ?"

"இல்லை அண்ணை... மணம் காணாது. திருப்பித் தாங்கோ, கொஞ்சம் ஏத்திக்கொண்டு வாறன்."

பின்னால் நின்ற ஓர் அக்கா என் சாரத்தைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, மணம் இருக்கட்டும், களுசான் எங்கை?"

கடை முழுக்கச் சிரித்தது. ஞானம் அண்ணை மட்டும் தலையில் கைவைத்தார். கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனவரின் பின்னால் நானும் போனேன். காரின் டிக்கியைத் திறந்தார். பெட்டி அப்படியே இருந்தது. ஒரு குச்சியைத் தட்டினார். 'டிக்.'

"நல்லாத்தானே கிடக்கு. இதுக்கே இந்த ஓட்டம் ஓடினனீ?"

இளக முந்தி வீட்டுக்குக் கொண்டுபோய், கடதாசியில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பரப்பினோம். ஹீட்டருக்குக் கிட்ட வைத்தால் குச்சி வெடித்துப் பிளக்கும். எட்ட வைத்து, புரட்டிப் புரட்டி அந்தக் கிழமை முழுக்கக் காயவிட வேண்டியிருந்தது. கரிக்கு ரீற்றா மன்னிப்புத் தந்தாள். நீங்கள் செய்யும்போது, காய்ந்ததா என்று குளிருக்குள் நின்று தட்டிப் பார்க்காதீர்கள். ஓரிரவு வீட்டுச் சூட்டில் வைத்துவிட்டு, நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

திருநாளன்று முன் தட்டில் என் குச்சிதான் இருந்தது, பின்னேரத்துக்குள் முடிந்தது. நான் ஓடிப்போய்க் காப்பாற்றிய குச்சி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நடந்தது இவ்வளவுதான்: ஞானம் அண்ணை பெட்டியைக் காருக்குள் மறந்துபோனார். அந்தச் சனிக்கிழமை இரவு நல்ல குளிர்.