சீசன் முடிந்து வாங்கிய பிரிண்டர்

என் மனைவி போன் திரையில் எதையும் படித்துச் சிரிக்க மாட்டாள். நான் எழுதும் நகைச்சுவைக் கட்டுரைகளைத் தாளில் கொடுத்தால்தான் படிப்பாள். கையில் பென்சில் இருக்கும். சிரிப்பு வராத வரியை அடித்துவிடுவாள். இருபது வருஷத்தில் அவள் அடித்ததையெல்லாம் சேர்த்தால் என் புத்தகங்களைவிடத் தடிமனாக இருக்கும்.

தென்காசியில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில்தான் பிரிண்ட் எடுப்பேன். கடைக்காரர் ஒவ்வொரு தாளையும் முழுக்கப் படித்துவிட்டு, முகத்தில் சலனமே இல்லாமல், "மூணு பக்கம் அண்ணாச்சி" என்பார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் மிகச் சுருக்கமானது அது.

வைகாசியில் அவள் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாள். வயிற்றில் இருந்ததை முழுவதும் எடுக்க முடியவில்லை என்று டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அவளைத் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போக முடியவில்லை.

"ஒரு பிரிண்டர வாங்கிப் போட்டா என்ன? படுத்துக்கிட்டே படிப்பேம்லா" என்றாள்.

உடனே வாங்கியிருக்கலாம். ஆனால் நான் படித்தவன். இங்க் டேங்கா, லேசரா என்று ஒரு வாரம் படித்தேன். என் லேப்டாப், என் போன், அவள் போன், கோயம்புத்தூரில் படிக்கும் மகள் லீவுக்குக் கொண்டுவந்திருந்த டேப்லெட், நான்கும் வைஃபையில் சண்டையில்லாமல் சேருமா என்று இன்னொரு வாரம். வாங்கியவர்கள் எழுதிய புகார்களை அவளுக்கு வாசித்தும் காட்டினேன்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்போகூட நீய இவ்வளவு விசாரிக்கலையே" என்றாள்.

மகளைத் துணைக்கு வைத்துவிட்டு, ஒரு மாலை பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்லவர். அதுதான் வினையாகிவிட்டது.

"எத்தன டிவைஸ் அண்ணாச்சி?"

"நாலு."

"எல்லாம் சேரும். ஆனா இப்ப வாங்காதீய. சாரல்ல தாளு ஈரத்த இழுத்துக்கிடும், உள்ள போயி சிக்கிக்கிடும். அப்புறம் மிஷின் சரியில்லன்னு என்னையத்தான் ஏசுவீய. குத்தாலத்துல லாட்ஜுகள்ல போயிப் பாருங்க, பேப்பர் அலமாரிக்குள்ள குண்டு பல்பு எரியவிட்டு வச்சிருப்பாவ. சீசன் முடியட்டும்."

ஊர் உலகமெல்லாம் சீசனுக்காகக் குற்றாலத்துக்கு ஓடிவரும். உள்ளூர்க்காரர்கள் நாங்கள் சீசன் முடியட்டும் என்று எல்லாவற்றையும் தள்ளிவைப்போம். வெள்ளையடிப்பு, வடகம் போடுவது, மெத்தையை வெயிலில் போடுவது. நான் பிரிண்டரையும் அந்த வரிசையில் சேர்த்தேன். வீட்டில் குண்டு பல்பு இருந்தது. அலமாரியும் இருந்தது.

ஆடியில் ஒரு கட்டுரை எழுதினேன். கல்யாணமான புதிதில் ஐந்தருவியில் மூக்குக்கண்ணாடியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அவளென்று நினைத்து வேறொரு பச்சைப் புடவையின் பின்னால் கார் நிற்கும் இடம்வரை பேசிக்கொண்டே போன கதை. அவள் சொல்லித்தான் அது சொந்தபந்தத்தில் பிரபலம். நான் எழுதியது இதுதான் முதல் தடவை. அவள் போனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன்.

பக்கத்தில் படுத்திருந்தவள் போனைத் தொடவில்லை. "தாள்ல தாங்க. பென்சில தலகாணிக்கு அடியில வச்சிருக்கேன்."

"சீசன் முடியட்டும்" என்றேன்.

"எது மொதல்ல முடியுதுன்னு பாப்பம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை எங்கே வந்தாலும் சிரித்துவிடுவது என் தொழில் தர்மம்.

அந்த வருஷம் சீசன் அருமை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆவணி பிறந்தும் சாரல் நிற்கவில்லை. அவளை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கும் தூறிக்கொண்டுதான் இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களின் குடைகள் வாசலில் வரிசையாகக் காய்ந்தன. அதாவது, காயவில்லை.

புரட்டாசியில் வெயில் அடித்தது. மகளும் காலேஜுக்குத் திரும்பிப் போயிருந்தாள். கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அவருக்கு விஷயம் தெரியாது.

"எத்தன டிவைஸ்னு சொன்னீய அண்ணாச்சி? நாலா?"

"மூணு."

"ஒண்ணு கெட்டுப்போச்சோ?"

"இல்ல. கோயம்புத்தூருக்குப் போயிட்டுது. மத்ததெல்லாம் வீட்டுலதான் இருக்கு."

பொய் இல்லை. அவள் போனுக்கு நான் தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிரிண்டரை அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். என் லேப்டாப் சேர்ந்தது, என் போன் சேர்ந்தது. மூன்றாவதாக அவள் போனையும் சேர்த்தேன். எத்தனை புகார் படித்திருந்தேன், ஒன்றுகூட உண்மையில்லை. ஒரே தட்டலில் சேர்ந்துவிட்டது.

கட்டுரை என் லேப்டாப்பிலேயே இருந்தது, அதிலிருந்து எடுத்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டது அவளுக்கு அனுப்பியதை. அவள் போனில் அதைத் திறந்து பிரிண்ட் கொடுத்தேன். கட்டிலில் கிடந்த என் போனை எடுத்து எதற்கோ வாட்ஸாப்பைத் திறந்தபோது, அவளுக்கு அனுப்பியதன் கீழே ஆடியிலிருந்து சாம்பல் நிறத்தில் நின்றிருந்த இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன.

தாள் எங்கும் சிக்கவில்லை. மொடமொடவென்று மூன்று பக்கம் வந்தது. தலையணைக்கு அடியில் பென்சில் அப்படியே இருந்தது. எடுத்துவைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தேன். சிரிப்பு வராத வரியை அடிப்பதுதான் எங்கள் வீட்டு விதி. கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டேன். அந்தக் கணக்கில் பார்த்தால் மூன்று பக்கத்தையும் அடிக்க வேண்டியிருந்தது.