விக்கிரமங்கலத்துக் காயா மரங்கள்

வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்தேன். கையில் ஒரு சாக்கு, கன்று வைக்கும் கறுப்புப் பைகள், ஒரு சின்னக் கடப்பாரை. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "கெழங்கு தோண்டவாங்க?" என்றார்.

"மரக்கன்னு எடுக்கப் போறேங்க."

"கடப்பாரைய சீட்டுக்கு அடியில தள்ளிருங்க. பிரேக் போட்டா யாரு காலுலயாச்சும் விழுந்துரும்."

நான் பெரம்பலூரில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் பெரிய வேம்பு ஒன்று நிற்கிறது. அதன் நிழலில் எது வைத்தாலும் ஒல்லியாக நீண்டு செத்துப்போகும். நிழலிலேயே வளரும் நம் ஊர் மரம் காயா என்று கேள்விப்பட்டு ஒரு கன்று வாங்கி வைத்தேன். மூன்று வருடம் கழித்து ஒருநாள் இலையைக் கசக்கினால் நாவல் வாசனை. நாவல் கன்றைத்தான் காயா என்று கொடுத்திருக்கிறார்கள்.

நர்சிங் படிக்கும்போது என்னோடு ஒரே அறையில் இருந்த செல்வியிடம் இதைச் சொல்லிப் புலம்பியிருந்தேன். விக்கிரமங்கலத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து போன். "எங்க கொல்லை மேட்டுல காயா பூத்துக் கெடக்குடி. திங்கக்கெழம மெஷின் வந்து எல்லாத்தையும் வழிச்சுரும். முடிஞ்ச கன்ன எடுத்துட்டுப் போயிடு."

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர் இருக்கும். வழி நெடுக சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரிகள். சாலையோரத்து இலைகளெல்லாம் வெளுத்துக் கிடந்தன. அரியலூரில் டீ குடித்துவிட்டு டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெயருக்கு ஒரு சீட்டு கிழித்துக் கொடுத்தார்கள். இன்னும் இருபது கிலோமீட்டர். ஊரை நெருங்க நெருங்க மண் சிவந்தது, முந்திரிக் கொல்லைகள் வந்தன.

செல்வி மொபெட்டோடு நின்றிருந்தாள். போகும்போதே விவரம் சொன்னாள். அவள் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். போன மாதம் அண்ணன் தம்பிக்குள் நிலம் பிரித்ததில் ரோட்டோரத்து முந்திரி இவர்களுக்கு, பின்னாலிருக்கும் கல்மேடு கொழுந்தன் குமாருக்கு. மேட்டில் அரை ஏக்கருக்கு ஒரு புதர்க்காடு. அதை அழித்து முந்திரி வைக்கக் குமார் மெஷின் சொல்லியிருந்தார்.

"அவரு மேல தப்பு சொல்ல முடியாதுடி. பாவம், அதுல வேற என்ன வெளையும்?" என்றாள்.

மேட்டை அடைந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு முள்கொடியை விலக்கிக் குனிந்து உள்ளே நுழைந்ததும் உடம்பு சட்டென்று குளிர்ந்தது. கண் பழகக் கொஞ்ச நேரமானது. மேலே வீரை மரங்களும் பாலை மரங்களும் வானத்தையே மூடியிருந்தன. அவற்றுக்கு அடியில், ஆளுயரத்துக்குச் சற்று மேலே, இன்னொரு காடு நின்றது. அந்தக் காடு முழுக்க நீலம்.

நீலம் என்று எழுதிவிட்டேன். மயில் கழுத்தில் ஓடுமே, அப்படி. கிளை நுனியில் பூக்கவில்லை. இலை உதிர்ந்த பழைய கிளைகளில், கணுவுக்குக் கணு, கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தது. தேனீக்களின் ரீங்காரம் காட்டுக்கே மூச்சு ஓடுவதுபோல் கேட்டது. உதிர்ந்த இதழ்களில் தரையும் நீலமாகிக் கிடந்தது. பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அது என்ன வண்ணம் என்று அன்றுதான் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தேன்; எப்போது கழற்றினேன் என்று நினைவில்லை.

இந்த முறை ஏமாறக்கூடாது என்று ஓர் இலையைப் பறித்துப் பார்த்தேன். நாவல் போலவே எதிரெதிர் இலைகள்தான். ஆனால் தோல் மாதிரித் தடிப்பு. நாவலில் நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் நெருக்கமாக ஓடும். இதில் வெளிச்சத்துக்குப் பிடித்தாலும் நடுநரம்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. கசக்கினால் வாசனையும் இல்லை.

மரங்களின் காலடியில் ஒரு சாண் உயரக் கன்றுகள் நூற்றுக்கணக்கில் நின்றன. வெயிலே படாத இடத்தில் அத்தனை பச்சை. ஒன்றைச் சுற்றிக் கடப்பாரையால் மெல்ல நெம்பினேன். வேர் இறங்கிக்கொண்டே போனது. முழங்கை ஆழம் தோண்டியும் நுனி வரவில்லை, சரளைக்கற்களுக்குள் நுழைந்திருந்தது. கொஞ்சம் இழுத்தேன். அறுந்துவிட்டது. இன்னொன்றும் அப்படியே. மேலே ஒரு சாண்தான் காட்டும் கன்று, அந்தக் கல்லுக்குள் எத்தனை வருடமாக இறங்கியிருக்கிறது! கடப்பாரையை ஓரமாக வைத்துவிட்டேன்.

"இது வராது செல்வி. இங்கேயே இருந்தாத்தான் உண்டு."

"ஓரத்துல மட்டும் மரத்த வுட்டு வெச்சா?"

"மேல நெழல் போச்சுன்னா கன்னெல்லாம் கருகிரும்."

செல்வி தலைக்கு மேலிருந்த பூக்களை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கணவருக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி வைத்தாள். "ஏங்க, மேட்ட நாம எடுத்துக்கலாமா? அதுக்குச் சரியா ரோட்டோரத்துல தம்பிக்கு வுட்டுரலாம்."

"ரோட்டோரத்தையா? பைத்தியமாடி ஒனக்கு?"

அவள் வாதாடவில்லை; வீடியோவைப் போட்டு, போனை மேலே தூக்கிக் காட்டினாள்.

"இது நம்ம மேடா?" என்றார் அவர். பிறகு, "சரி, நீ பாத்துச் செய்யி."

மதியம் குமார் வந்தார். செல்வி சொன்னதைக் கேட்டு அவர் முகம் மாறியது. "அண்ணி, யோசிச்சுத்தான் சொல்றீங்களா? நாளைக்கி நான் ஏமாத்திட்டேன்னு ஊர்ல பேசுவாங்க."

"பேசறவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன் தம்பி. மெஷின்காரருக்குப் போன் போடுங்க."

அவர் போட்டார். "நாளைக்கி வேணாம்ணே. கல்மேட்டுக்கு இல்ல. இல்லண்ணே, எப்பவுமே இல்ல." வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அப்படி என்னக்கா இருக்கு அதுக்குள்ள?"

"நீங்க உள்ள போனதில்லையா?"

"பாம்பு கெடக்கும்பாங்க. ஓரத்தோட சரி."

குனிந்து உள்ளே போனார். நாங்கள் முந்திரி நிழலில் காத்திருந்தோம். நெடுநேரம் ஆளைக் காணோம். பயந்துபோய் செல்வி குரல் கொடுத்தாள். "வரேன் அண்ணி," என்று மட்டும் கேட்டது. அதற்குப் பிறகும் உடனே வரவில்லை.

மாலை பஸ்ஸில் வெறும் சாக்கோடு திரும்பினேன். ஆனியும் ஆடியும் கடந்து பழம் கறுத்தால் செல்வி விதை எடுத்து வைப்பாள். முளைத்து ஒரு சாண் வளரவே வருடங்கள் ஆகும். எனக்கு அவசரம் போய்விட்டிருந்தது. பஸ் முந்திரிக் கொல்லையைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக அந்த மேடு தெரிந்தது. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு கரும்பச்சைப் புதர், அவ்வளவுதான். பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போன வாரம் இந்த வழியாக வந்திருந்தால் நானும் பார்த்திருக்க மாட்டேன்.