அப்பா பரீட்சித்து மணையில் உட்கார்ந்த வாரம்

அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் என்று தேதி குறித்தபோதுகூட நான் தைரியமாகத்தான் இருந்தேன். அதற்கு முன்னால் ஸ்ரீரங்கத்து வீட்டில் பாகவத சப்தாகம் வைக்கப்போகிறேன் என்று அவர் சொன்னதும்தான் பயம் பிடித்துக்கொண்டது. ஏழு நாள் ஒருவர் படிப்பார்; வீட்டுப் பெரியவர் எதிரே மணையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அது பரீட்சித்து மகாராஜாவின் இடம். ஏழாம் நாள் பாம்பு கடித்துச் சாவாய் என்று சாபம் வாங்கி, கங்கைக்கரையில் உட்கார்ந்து கதை கேட்ட ராஜா. கேட்டு முடித்தான், தக்ஷகன் என்ற பாம்பு வந்தது, போய்ச் சேர்ந்தான்.

எட்டாம் நாள் காலையில் ஆபரேஷன். ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் பார்த்தவர்களுக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை!

"ஏம்ப்பா, உங்களுக்கு வேற கதையே கிடைக்கலையா?"

"மோட்சம் தர்ற கதைடி. அசடாட்டம் பேசாதே."

"இப்ப மோட்சத்தை யாரு கேட்டா?"

அம்மா போனபிறகு எனக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போனேன். தக்ஷகன் பழத்துக்குள் புழுவாக ஒளிந்து வந்ததாகவும் சொல்வார்கள். அதனால் வந்தவர்கள் கொடுத்த கொய்யா, ஆப்பிள் எதையும் நான் முழுசாக அப்பாவிடம் போகவிடவில்லை. சமையலறையில் நறுக்கி, உள்ளே பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். எம்.எஸ்ஸி. படித்தவள் செய்கிற வேலையா இது? வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

ஆறாம் நாள், பாகவதம் படித்துவிட்டுக் கிளம்பிய மாமாவை வாசலில் மடக்கினேன்.

"மாமா, ராஜா போற இடத்தை மட்டும் ஆபரேஷன் ஆனப்புறம் படிக்கப்படாதா?"

"பாதியிலே நிறுத்தற வழக்கம் இல்லையேம்மா. பெருமாள் இருக்கார், கவலைப்படாதே" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஸ்கூட்டரின் சாவியைப் பிடுங்கியிருப்பேன்.

ஏழாம் நாள் சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. தக்ஷகனிடம் எனக்கு இனி பயமில்லை என்று ராஜா சொல்லும் இடம் வந்தது. படிக்கிற மாமா அங்கே நிறுத்தி, மணையில் இருப்பவரைப் பார்த்து, "பயம் விட்டதா?" என்று கேட்பது அவர் வழக்கம். "விட்டது" என்று பதில் சொல்ல வேண்டும். பிறகுதான் பாம்பு வரும்.

கேட்டார். அப்பா வாயைத் திறந்தார்.

"இல்லை ஸ்வாமி. எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

அம்மாவை ஐ.சி.யு.வில் வைத்திருந்தபோதுகூட அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. அத்தனை பேர் நடுவில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிடித்த கை சில்லிட்டிருந்தது.

படிப்பவர் எங்களைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பவில்லை.

"பயம் விட்டப்புறம்தானே தக்ஷகன் வந்தான்? விடலைன்னா நான் எப்படி மேலே படிக்கறது?" என்று புத்தகத்தை மூடினார். "மிச்சத்தை ஆத்துக்குத் திரும்பி வந்தப்புறம் கேளுங்கோ."

மறுநாள் ஆபரேஷன் முடியும்வரை ஆஸ்பத்திரி பெஞ்சை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னார். தொண்டைக் குழாயை எடுத்தபின் என்னை உள்ளே விட்டார்கள். அப்பா கிட்டே வரச்சொல்லி ஜாடை காட்டினார்.

"மிச்சத்தைப் படிக்க அவர் வருவார்டி" என்றார், கேட்டும் கேட்காத குரலில். "அப்பாவுக்கு பயம் இன்னும் விடலையாம்னு சொல்லிடு."